கணக்குப் போட, சமன்பாடு எழுத எந்த இலவச மென்பொருள் நல்லது?

என்னைப் போல நீங்களும் கேள்வித்தாள் அடிக்கிற வாத்தியார் என்று வைத்துக்கொள்கிறேன். சமன்பாடு எழுத லிபரே ஆபீஸ், கணக்குப் போட டபிள்யூஎக்ஸ் மேக்ஸிமா. இரண்டும் போதும். சமன்பாட்டைக் கட்டளைகளாக அடித்து அச்சுக்குத் தயாராக்கும் லேடெக் மென்பொருளின் ஆட்கள் சண்டைக்கு வர வேண்டாம். அந்த அழகு வேறெதிலும் வராதுதான், ஆனால் நாளைக்குப் பரீட்சை என்று இன்று ராத்திரி உட்காருகிறவனுக்கு அது ஆகாது.

நானும் காசு மென்பொருளின் திருட்டுக் காப்பியில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருமுறை பத்தாம் வகுப்புத் தாளைப் பென்டிரைவில் போட்டு மன்னார்குடியில் ஒரு கடையில் பிரிண்ட் எடுத்தேன். அவர்கள் கம்ப்யூட்டரில் திறந்ததும் எக்ஸ் தலையில் இருந்த 2 கீழே இறங்கிவிட்டது. நான் பார்க்கவில்லை. ‘எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 5 எக்ஸ் பிளஸ் 6 சமம் 0’ என்ற கணக்கில் ஒரு பையன் முதல் உறுப்பை 2 எக்ஸ் என்று எடுத்துக்கொண்டான். மூன்றே வரி, எக்ஸ் = 2. உண்மையான விடை 2, 3. பாதி சரி! முழு மார்க் போட்டேன். அதற்கு ஸ்டாஃப் ரூமில் வாங்கிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோகாதது என் தப்பு.

லிபரே ஆபீஸில் பின்னத்துக்கு நடுவில் ‘ஓவர்’ என்று ஆங்கிலத்தில் அடிக்கணும். ‘ஏ பிளஸ் பி’ முழுசும் மேலே ஏற ஃபிளவர் பிராக்கெட் வேண்டும், இல்லையென்றால் பி மட்டும்தான் ஏறும். மேக்ஸிமாவில் வெறும் என்டரைத் தட்டிவிட்டு ஓடவில்லை என்று மூடிவிடாதீர்கள். ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தணும். 5க்கும் எக்ஸுக்கும் நடுவே நட்சத்திரக் குறி இல்லாவிட்டால் திட்டும். தோற்றம் பழசுதான், வேர் 1960களின் எம்ஐடியில் இருக்கிறது. ஆனால் மூன்றில் ஒன்றை 0.333 என்று சிதைக்காமல் 1/3 ஆகவே வைத்திருக்கும். இலவசம் என்றால் மட்டம் என்கிறவர்கள் இதைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

வரைபடத்துக்கு ஜியோஜீப்ரா. வணிக நோக்கம் இல்லாத வரைக்கும்தான் இலவசம், டியூஷன் சென்டர்காரர்கள் உரிமத்தைப் படித்துவிடுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிற பாவத்துக்குக் குறுவை வந்தால் விண்ணப்பம் நிரப்பத் தெருவே என் திண்ணையில்தான். விண்ணப்பம் நிலத்தை ஹெக்டேரில் கேட்கிறது, எங்கள் பெரியப்பாவுக்கு மா, குழி என்கிற பழைய நில அளவுதான் தெரியும். லிபரே ஆபீஸ் கால்கில் அளவு மாற்றும் ஃபார்முலா உண்டு, அதில் ஹெக்டேர் இருக்கிறது, மா இல்லை. மூணு மா ஒரு ஏக்கர், ஒரு ஹெக்டேர் ஏழரை மாவுக்குக் கொஞ்சம் குறைவு என்று திண்ணைச் சுவரில் கரிக்கட்டையால் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டும் உள்ளே வந்து, "தம்பி, கம்ப்யூட்டர்ல ஒரு தடவ போட்டுப் பாரேன்" என்கிறார்கள்.