கேள்வி பதில்: அணு உலை எஃகும் ஆய்வு மாணவர்களும்

கேள்வி: உலோகவியலில் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். துருப்பிடிக்காத எஃகின் நுண்கட்டமைப்பு என் ஆய்வுப் பொருள். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் சில மாதங்கள் பயிற்சி பெற ஆசை. கதிரியக்கப் பொருள்களைக் கையாண்டு பழக்கமே இல்லாத எனக்கு அங்கே என்ன வேலை இருக்கும்? வீட்டிலும் கதிர்வீச்சை நினைத்துத் தயங்குகிறார்கள்.
- ஆய்வு மாணவி, திருச்சி

பதில்: நீங்கள் படிக்கும் எஃகுதான் அணு உலைத் துறையின் நடுநாயகமான பொருள். ஸ்காட்லாந்தின் டவுன்ரே வேக அணு உலையில் (வேகம் குறைக்கப்படாத நியூட்ரான்களால் இயங்கும் உலை) பயன்பட்ட எரிபொருள் உறைகளை, அதாவது எரிபொருளை மூடியிருக்கும் எஃகுக் குழாய்களை, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, எஃகுக்குள் எண்ணற்ற நுண்ணிய வெற்றுக்குழிகள் இருந்தது 1967இல் வெளியானது. வேக நியூட்ரான்கள் மோதி அணுக்களை அவற்றின் இடத்திலிருந்து பெயர்த்துவிட, காலியான இடங்கள் ஒன்றுகூடிக் குழிகளாகி, உலோகமே வீங்கிவிடுகிறது. வீங்கிய உறை வளைந்து, குளிர்விக்கும் சோடியம் பாயும் இடைவெளியைக் குறுக்கிவிடும் என்பதால், எரிபொருளை உலையில் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதைப் பெரும்பாலும் இந்த வீக்கமே முடிவு செய்கிறது. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலைக்கு (எரிபொருளைப் புதிதாக உண்டாக்கவும் வல்ல வேக அணு உலை) டைட்டானியம் சேர்த்த டி-9 என்ற எஃகைத் தேர்ந்தெடுத்ததற்கும் இதுவே காரணம். அதிலுள்ள நுண்ணிய டைட்டானியம் கார்பைடு துகள்கள், எஃகுக்குள் உருவாகிக் குழிகளுக்கு வித்தாகும் ஹீலியம் வாயுவை ஆங்காங்கே சிறைப்பிடித்து, வீக்கம் தொடங்குவதைத் தள்ளிப்போடுகின்றன.

இதை ஆராய, உலைக்குள் இருந்து வந்த எஃகைத் தொட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அத்தகைய மாதிரிகள் தடித்த சுவர்களுக்குப் பின்னால், தொலைவிலிருந்து இயக்கப்படும் கருவிகளால் மட்டுமே கையாளப்படுபவை. வெளியிலிருந்து சில மாதங்களுக்கு வரும் மாணவர் அவற்றை எதிர்பார்க்க வேண்டியதில்லை. அதற்கு மாற்றாக, துகள்களுக்கு வேகமூட்டும் கருவியான முடுக்கியிலிருந்து வரும் சில மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட நிக்கல் அயனிகளை (மின்னூட்டம் பெற்ற நிக்கல் அணுக்களை) எஃகின் மீது செலுத்துவார்கள். உலையில் ஆண்டுக்கணக்கில் சேரும் சேதம் இங்கே மணிக்கணக்கில் சேர்ந்துவிடும்; மாதிரியும் கதிரியக்கம் ஏறாமல் வெளியே வரும். கண்ணாடி போல் மெருகேற்றிய மாதிரியின் ஒரு பாதியை மறைத்து, மறு பாதியில் மட்டும் அயனிக்கற்றை விழும்படி செய்தால், பின்னர் இரண்டுக்கும் இடையே எழுந்திருக்கும் மிகச் சிறிய படியின் உயரத்தை நுனி ஊசியால் வருடி அளந்தே வீக்கத்தைக் கணக்கிட்டுவிடலாம். மெருகேற்றலில் விழுந்த ஒரு கீறல் போதும், அந்த அளவீடு வீணாகிவிடும். ஆகவே, மாதிரி தயாரிப்பதில் உங்களுக்குக் கைவந்திருக்கும் பழக்கம்தான் அங்கே நீங்கள் கொண்டுசெல்லும் முதல் தகுதி.

அயனிக்கற்றைக்கும் எல்லைகள் உண்டு. அயனிகள் மேற்பரப்பிலிருந்து ஓரிரு மைக்ரான் ஆழத்திலேயே நின்றுவிடும். சேதம் மிக வேகமாக நிகழ்வதால், வீக்கம் உச்சம் தொடும் வெப்பநிலையும் உலையில் காண்பதைவிட உயர்ந்துவிடும். இவற்றைக் கணக்கில் கொள்ளாமல் அயனிச் சோதனை முடிவை உலைக்குப் பொருத்திப் பேசுவது தவறாகிவிடும்.

விண்ணப்பிக்கும்போது 'பயிற்சி வேண்டும்' என்று மட்டும் எழுதாதீர்கள். உங்கள் எஃகின் வேதியியல் கூறுகள், வெப்பப் பதப்படுத்திய விதம், விடை தேடும் ஒரே ஒரு கேள்வி, அதற்கு உங்கள் பல்கலைக்கழகத்தில் இல்லாத கருவி எது என்ற நான்கையும் ஒரு பக்கத்தில் எழுதி, உங்கள் நெறியாளர் வழியாக அனுப்புங்கள். அந்த ஒரு பக்கத்தைப் படித்துத்தான் ஒரு விஞ்ஞானி உங்களுக்காகக் கருவி நேரத்தை ஒதுக்கலாமா என்று முடிவு செய்வார். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அணுசக்தித் துறையின் கருவிகளைப் பயன்படுத்துவதற்காகவே இயங்கும் யுஜிசி-டிஏஇ (பல்கலைக்கழக மானியக் குழு - அணுசக்தித் துறை) கூட்டமைப்புக்குக் கல்பாக்கத்திலும் ஒரு மையம் இருக்கிறது, அங்கும் விசாரியுங்கள். புதுதில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையமும் ஆய்வு முன்மொழிவுகளைப் பரிசீலித்து, அயனிக்கற்றையைப் பயன்படுத்த நேரம் ஒதுக்கித் தருகிறது. கல்பாக்கம் முன் அனுமதியின்றி நுழைய முடியாத வளாகம். பாதுகாப்புச் சரிபார்ப்புக்கு நாளாகும் என்பதால், பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

வீட்டாரின் தயக்கம் நியாயமானதே. கதிர்வீச்சுப் பணியாளருக்கு இந்தியாவில் ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அளவைக் குறிக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மிகாமல் என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரம்பு வகுத்திருக்கிறது. பொதுமக்களுக்கு அது ஆண்டுக்கு 1 மில்லிசீவெர்ட். அயனிக்கற்றைச் சோதனையின்போது முடுக்கி இருக்கும் அறையில் யாரும் நிற்பதில்லை. வெளியே உள்ள கட்டுப்பாட்டு அறையிலிருந்தே இயக்குவார்கள். இதை வீட்டில் விளக்கிச் சொல்லுங்கள்.

கேள்வி: அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வகங்களில் முனைவர் பட்ட மாணவர்கள் தங்கி ஆய்வு செய்யும் திட்டத்துக்கு, இந்தியாவில் படிப்பவர்கள் விண்ணப்பிக்கலாமா?
- வாசகர், மதுரை

பதில்: அந்தத் துறையின் அறிவியல் அலுவலகம் நடத்தும் 3 முதல் 12 மாதத் திட்டத்தைக் கேட்கிறீர்கள் என்றால், இயலாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்குப் பயிலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் அங்கு நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களுக்கும் உரியது அது.