பேத்திக்குப் புட்டுக் கொடுக்கலாம், மில் மா வேண்டாம்

கேள்வி: பிரான்சில் இருக்கும் மகள் ஓகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வருகிறாள். ஒன்பது வயதுப் பேத்திக்கு செலியாக் என்று ஒரு வருத்தமாம், குளுட்டன் உள்ள சாப்பாடு கூடாதாம். புட்டு, இடியப்பம் கொடுக்கலாமா? கூஸ்கூஸ் கூடாது, சோயா சோஸ் கூடாது, 'ப்ளே நுவார்' நல்லது என்கிறாள் மகள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இங்கே ஒருவர் குளுட்டன் இல்லாத மா எடுத்துத் தருகிறேன் என்கிறார். வாங்கி வைக்கவா?
பரந்தனிலிருந்து ஓர் அம்மம்மா

அம்மா, அந்த மாக்காரருக்கு இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். புட்டும் இடியப்பமும் பேத்திக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் நீங்கள் வழக்கமாக அவிக்கிற புட்டைக் கொடுக்கக் கூடாது.

குளுட்டன் என்பதைக் கையால் தொட்டே பார்க்கலாம். ஒரு பிடி கோதுமை மாவை ரொட்டிக்குப் போலக் குழைத்து, அரை மணித்தியாலம் வைத்து, பிறகு தண்ணீருக்குள் பிசைந்து பிசைந்து கழுவுங்கள். வெள்ளைத் தண்ணீர் போய் முடிய, கையில் ரப்பர் மாதிரி ஒரு சவ்வு மிஞ்சும். இழுத்தால் இழுபடும், விட்டால் சுருங்கும். கொத்துக்கடைக்காரர் மாவைத் துணிபோல வீசி விரிப்பது அதன் பலத்தில்தான். அரிசி மாவையும் குரக்கன் மாவையும் இப்படிக் கழுவினால் எல்லாம் கரைந்து போய்விடும். அந்தச் சவ்வுதான் உங்கள் பேத்தியின் குடலைக் கெடுக்கிறது. கோதுமையிலும் அதன் இனத்தவையான பார்லி, ரை என்ற தானியங்களிலும் அது இருக்கிறது. அரிசி, குரக்கன், சாமை, தினை, சோளம், உழுந்து, பயறு, மரவள்ளி, காயவைத்த பனங்கிழங்கான ஒடியல் எதிலும் இல்லை.

அப்படியென்றால் எங்கள் சாப்பாடெல்லாம் நல்லதுதானே என்று நினைப்பீர்கள். இங்கேதான் தவறுகிறோம். எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டில் இன்றைக்குத் தனி அரிசி மாவில் புட்டு அவிக்கிறார்கள்? மெதுமையாக வரவேண்டும் என்று அவித்த கோதுமை மாவைக் கலக்கிறோம். தோசைக்கு உழுந்தோடு கோதுமை மா, இட்லிக்கு ரவை, அப்பத்துக்கும் ஒரு பிடி. "அவித்த மாதானே, புளித்த மாதானே, அது போய்விடாதா?" என்று என் சமையல் வகுப்பில் ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். போகாது அம்மா. அவித்தாலும், வறுத்தாலும், இரவு முழுக்கப் புளிக்க வைத்தாலும் குளுட்டன் இருந்த இடத்தில் இருக்கும். பெருங்காயத்திலும் கோதுமை மா கலப்பது வழக்கம். பேத்தி நிற்கிற நாள் முழுக்க உங்கள் ரசம் உள்ளியோடு நிற்கட்டும்.

மகள் சொன்ன பெயர்களுக்கு வருவோம். கூஸ்கூஸ் மொரோக்கோ, அல்ஜீரியாக்காரரின் சாப்பாடு. ரவையில் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் உருட்டி, துளைபோட்ட பாத்திரத்தில் ஆவியில் அவிப்பார்கள். பாரிஸில் நான் சமையல் வேலை செய்த காலத்தில் ஓர் அல்ஜீரிய அம்மா அதைச் செய்வதை முதன்முதலாகப் பார்த்தபோது, நீத்துப்பெட்டிக்கு மா குழைக்கிற என் அம்மாவின் கைதான் நினைவுக்கு வந்தது. கை ஒன்றுதான், தானியம் வேறு. பாஸ்டாவும் கோதுமைதான். புல்கர் என்பது அவித்துக் காயவைத்து உடைத்த கோதுமை. தாய்லாந்துக்காரரின் ஒட்டரிசிக்கு ஆங்கிலத்தில் குளுட்டினஸ் ரைஸ் என்று பெயர். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது வெறும் அரிசி.

ப்ளே நுவாரைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், மகள் கொண்டுவரும் பக்கற்றில் நீங்கள் தடுமாறப் போவது அதில்தான். பிரெஞ்சில் ப்ளே என்றால் கோதுமை. மூன்று எழுத்துச் சொல், கடைசி எழுத்தின் தலையில் சாய்வாக ஒரு சின்னக் கோடு. நுவார் என்றால் கறுப்பு. இரண்டையும் சேர்த்தால் கறுப்புக் கோதுமை என்று வரும், ஆனால் அது கோதுமையே இல்லை, மூன்று மூலை கொண்ட ஒரு கறுத்த விதை. பிரான்சின் பிரெத்தான் பகுதியில் அந்த மாவைக் கரைத்து அகன்ற இரும்புத் தட்டில் எங்கள் தோசைபோல வார்த்து, 'கலெத்' என்பார்கள். ஜப்பான்காரர் அதிலேயே சோபா நூடில்ஸ் செய்கிறார்கள். ஆனால் எட்டுப் பங்குக்கு இரண்டு பங்கு கோதுமை மா சேர்ப்பது அவர்களின் பழைய வழக்கம், கடைக் கலெத்திலும் சிலர் கோதுமை மா கலப்பார்கள். ஆகவே நுவாரோடு ஒட்டி நிற்கும் ப்ளே நல்லது. அதே பக்கற்றில் இன்னொரு ப்ளே தனியாக நின்றால் பிள்ளைக்குக் கூடாது. அங்கே இப்படியான பொருட்களை வேறுபடுத்தி, பெரும்பாலும் தடித்த எழுத்தில், காட்ட வேண்டும் என்பது 2014 டிசம்பரிலிருந்து சட்டம். கண்டுபிடிக்கச் சுகமாக இருக்கும்.

இங்கே இலங்கையில் எங்கள் நிலைமை என்ன? உணவுச் சட்டம் 1980 இல் வந்தது. தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. கடையில் ஒரு சோஸ் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தமிழில் தேட உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும், கண்ணாடி வைத்தும் பல போத்தலில் கிடைக்காது. பேரப்பிள்ளைக்குச் சமைக்கிற ஓர் அம்மம்மா எதை நம்பி வாங்குவது?

இந்த இடைவெளிக்குள்தான் மாக்காரர் வருகிறார். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வருகிற மாதம் தெரிந்தால் போதும், வாசலில் நிற்பார். அப்படி விற்ற குரக்கன் மாவில் ஒரு பையை நானும் வாங்கினேன். பெரிய மூட்டையிலிருந்து அள்ளிக் கட்டிய பை, மேலே அழகாக அச்சடித்த சீட்டு. குழைத்துக் கழுவினேன், கையில் சவ்வு நின்றது. சவ்வு நிற்காவிட்டாலும் சுத்தம் என்று நம்பாதீர்கள், சிறு கலப்பு கைக்குத் தெரியாது. குளுட்டன் இல்லாதது என்று எழுதுவதற்கு உலக அளவில் வைத்த எல்லை ஒரு கிலோவில் 20 மில்லிகிராம் குளுட்டன்தான்.

மில்லும் அப்படித்தான். உங்களுக்கு முன்னால் ஆட்டா அரைத்த அதே இயந்திரத்தில்தான் உங்கள் அரிசியும் விழும். மில்லுக்காரரில் பிழை இல்லை, அவர் ஒவ்வொருவருக்கும் இயந்திரத்தைக் கழற்றிக் கழுவ முடியாது. அரிசியை ஊறவைத்து வீட்டு உரலில் இடியுங்கள். மிளகாய்த்தூளையும் வீட்டிலேயே இடியுங்கள். அரிதட்டு புதிதாக ஒன்று வாங்குங்கள், பழையதன் கண்ணிகளுக்குள் வருடக்கணக்கில் கோதுமை மா இருக்கும்.

"கொஞ்சம் தின்னப் பழகினால் சரியாகிவிடும்" என்று யாராவது உறவுக்காரர் சொல்வார். விடாதீர்கள். 1944-45 பஞ்சத்தில் ஒல்லாந்தில் பாண் கிடைக்காமல் போனபோது இந்த வருத்தக்காரப் பிள்ளைகள் தேறினார்கள், பாண் திரும்ப வந்ததும் மறுபடி விழுந்தார்கள். அதைக் கவனித்தவர் வில்லெம் டிக்கே என்ற பிள்ளை வைத்தியர்.

சோயா சோஸ் பெரும்பாலும் சோயாவையும் கோதுமையையும் சேர்த்துப் புளிக்க வைத்தது. ஃபிரைட் ரைஸ், டெவில் கறி எல்லாவற்றிலும் அது ஊற்றப்படுகிறது. அரிசிதானே என்று ஒரு நாள் நான் பரிமாறிய தட்டைச் சாப்பிட்டு ஒரு பெண் இரண்டு நாள் எழும்பவில்லை. அது இன்றைக்கும் என் மனதில் இருக்கிறது. கிளிநொச்சிக் கடைகளில் பேத்திக்குச் சோறு வாங்காதீர்கள். மோல்ட் பானமும் வேண்டாம், அது முளைத்த பார்லி.

வந்த அன்று இரவு கூழ் காய்ச்சுங்கள். ஒடியல் மாவை முன்கூட்டியே தண்ணீரில் ஊறவைத்து, கசப்புப் போக மேல் தண்ணீரை வடித்துவிட்டுக் கரையுங்கள். ஒடியலை முழுசாக வாங்கி நீங்களே இடித்த மாவாக இருக்கட்டும்.