ஹெச்ஓ அளவு (1:87) மாடல் ரயிலில் டிரான்ஸ்ஃபார்மர் ஏற்றிய தாழ்தள வேகன் வளைவில் ஏன் கவிழ்கிறது?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து கேட்டிருக்கும் தம்பிக்கு: பெரும்பாலும் எடை மேலே இருப்பதுதான் காரணம். டிரான்ஸ்ஃபார்மரைக் கெட்டியான மரக்கட்டையில் செய்யாமல் ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தகட்டில் உள்ளே காலியான பெட்டியாகச் செய்யுங்கள், ஈயத் துண்டுகளை வேகனின் தாழ்ந்த நடுப்பகுதிக்கு அடியில் ஒட்டுங்கள். மொத்த எடைக்கு அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் கணக்கு எளிது, 28 கிராம், அதோடு வேகன் நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 14 கிராம்.

இன்னொன்று, நிஜ வண்டியில் அச்சுகள் அதிகமாக இருப்பது பாரத்தைத் தண்டவாளத்திலும் பாலத்திலும் பரப்பத்தான், ஆனால் மாடலில் அத்தனை அச்சும் விறைப்பாக இருந்தால் நடுச்சக்கரம் தூக்கிக்கொள்ளும், அதனால் நடு அச்சுக்கு மேலும் கீழும் கொஞ்சம் அசைவு விடுங்கள்.

சுமை நம்பும்படி இருக்க வேண்டுமா? பெரிய டிரான்ஸ்ஃபார்மரை எண்ணெயை வடித்து, ரேடியேட்டர், புஷ்ஷிங் (மின்கம்பியை இணைக்கும் காப்புக் குழல்) எல்லாம் கழற்றித்தான் அனுப்புவார்கள். வெறும் தொட்டி, கழற்றிய இடங்களை மூடிய தகடுகள், இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பிகள், அவ்வளவுதான். எனக்கு இந்த மொட்டைத் தோற்றம்தான் மிகவும் பிடிக்கும்.

நம் அகலப்பாதை 1676 மி.மீ., 1:87-இல் சுமார் 19.3 மி.மீ. வரும். கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டினால் வண்டி சற்றுக் குறுகிய காலில் நிற்கும், சுமையின் உயரத்தை அதற்கேற்பக் குறைப்பது நல்லது.

அப்புறம், மண்டபத்து உப்புக்காற்றுக்கு இரும்புத் தண்டவாளம் வேண்டாம், நிக்கல் சில்வர் (வெள்ளி இல்லை, செம்பு-நிக்கல்-துத்தநாகக் கலவை) வாங்குங்கள். மாடலுக்கு மேல்பூச்சாக அடிக்கும் வார்னிஷை ஈரக்காற்று வீசும்போது அடித்தால் வெளுத்துவிடும், வெயில் ஏறிய பிறகு அடியுங்கள்.