வாசகர் கேள்வி பதில்: மேசைப் போருக்குக் குடிசை

கேள்வி: நானும் தம்பியும் 28 மி.மீ. பொம்மை வீரர்களை வைத்து மேசையில் 1944 பர்மா போர் ஆடுகிறோம். குடிசைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவே கட்டவில்லை. நாங்களே செய்து வைக்கோல் வேய்ந்தோம், பார்க்க நன்றாக இல்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: மன்னார்குடியில் இருந்துகொண்டு இதைக் காசு கொடுத்து வாங்கவே கூடாது. உங்கள் பொம்மை ஏறக்குறைய 56-இல் ஒரு பங்கு அளவு, அந்தக் கணக்கில் 3 மி.மீ. வைக்கோல் தாள் 17 செ.மீ. தடிமன் ஆகிவிடுகிறது, கூரை விறகு அடுக்கின மாதிரி தெரிவது அதனால்தான். தேங்காய் நாரைப் பழைய சீப்பால் வாரி, நறுக்கி, மடித்த அட்டையில் ஃபெவிகால் தடவி ஒட்டுங்கள். நிஜமாகக் கீற்று வேய்வது போலவே இறவாரத்தில் தொடங்கி முகட்டுக்கு ஏற வேண்டும்.

சுவருக்குப் பன்னாடை. தென்னை மட்டையின் அடியில் சுற்றியிருக்குமே, அதேதான். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் அந்த இழை இந்த அளவில் அச்சு அசலாக மூங்கில் தட்டி. நைந்துபோனதை விட்டு நல்லதாக எடுத்து, கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்தால் நிமிர்ந்துவிடும். அப்புறம், பர்மா கிராமத்து வீடு நம் குடிசை மாதிரி தரையில் உட்காராது, கால் ஊன்றி நிற்கும். ஈர்க்குச்சியின் அடிப்பக்கத்தை 25 மி.மீ. உயரத்துக்கு நட்டு, ஒரு ஏணி சாத்துங்கள். 6 அடி வாசல் கணக்குப்படி 33 மி.மீ.தான், ஆனால் பொம்மை அடித்தட்டின் மேல் நிற்பதால் 40 வையுங்கள். கூரையைச் சுவரோடு ஒட்டிவிடாதீர்கள், கழற்ற வராவிட்டால் உள்ளே வீரனை எப்படி வைப்பது?

ஐப்பசி மழையில் நாரும் பன்னாடையும் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் நன்றாகக் காயவைத்து, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலை ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள். கடைசியாகச் சாம்பல் வண்ணத்தை உலர்ந்த பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்தால் மழை கண்ட கூரை வந்துவிடும்.

கேள்வி: நம் பக்கத்துச் சண்டை எதையாவது இப்படி ஆட முடியுமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ஏன் முடியாது? கொள்ளிட முகத்துவாரத்துத் தேவிக்கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி தஞ்சை மராட்டியரிடமிருந்து 1749-இல் பிடித்தது. 1758-இல் லாலியின் பிரெஞ்சுப் படை தஞ்சாவூரை முற்றுகையிட்டு, பிடிக்க முடியாமல் திரும்பியது. இரண்டுமே மேசைக்கு அருமையான சண்டைகள், நம் ஊர்ப் பிள்ளைகள் இவற்றை ஆட வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. குடிசைக்குக் கால் வேண்டாம், மண் மேடை போதும். தெர்மாகோல் சுவரில் சலித்த வண்டல் மண்ணை ஃபெவிகாலில் குழைத்துப் பூசுங்கள், இறவாரம் குனிந்து நுழையும்படி தாழ இறங்கட்டும். சுற்றிலும் வாய்க்காலும் வரப்பும் போட்டு, சேற்று வயலில் குதிரைக்கும் பீரங்கிக்கும் பாதி வேகம் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.