தாமதமாகத் தெரியும், அவ்வளவுதான்

கேள்வி: ஸ்டெல்த் விமானம் ரேடாரில் தெரியவே தெரியாது என்கிறார்களே, 1999-ல் செர்பியாவில் ஒன்றை எப்படிச் சுட்டு வீழ்த்தினார்கள்?
(கல்லூரி மாணவர், கோவில்பட்டி)

பதில்: தெரியாது என்பது பேச்சு வழக்கு, தம்பி. கணக்கு வேறு. விமானம் திருப்பி அனுப்பும் எதிரொலியைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும், ரேடார் அதைப் பார்க்கும் தூரம் பத்தில் ஒரு பங்காகத்தான் குறையும். 200 கிலோமீட்டரில் தெரிய வேண்டியது 20 கிலோமீட்டரில் தெரியும்.

அதுவும் எல்லா அலைக்கும் இல்லை. அன்று விழுந்த அமெரிக்க ஸ்டெல்த் விமானமான எஃப்-117-ன் பட்டை தீட்டிய உடம்பு சென்டிமீட்டர் அலைகளைத்தான் நன்றாக ஏமாற்றும். செர்பியர்களின் பழைய பி-18 ரேடாருக்கு அலைநீளமே சுமார் 2 மீட்டர். அதனிடம் இந்த ஜாலம் அவ்வளவாகப் பலிக்காது. ஆனால் "அந்தப் பக்கம் என்னவோ வருகிறது" என்பதற்கு மேல் அதனால் சொல்ல முடியாது. ஏவுகணையைக் கொண்டுபோய் மோதவிட நெவா என்ற ஏவுகணை அமைப்பின் சென்டிமீட்டர் ரேடார்தான் வேண்டும்.

அந்த நெவாதான் நம் விமானப்படையில் பெச்சோரா. அதன் கேபினில் வருடக்கணக்கில் உட்கார்ந்தவன் நான். வால்வுகளின் சூட்டில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். திரையில் புள்ளி நகர நகர, கைச்சக்கரத்தை உருட்டிக் கோட்டை அதன் மேலேயே வைத்திருக்க வேண்டும். கை கொஞ்சம் பிசகினால் இலக்கு போச்சு. பயிற்சியில் போனால் திட்டு விழும். போரில் அப்படியா? ரேடாரைப் போட்டதுமே நாம் இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். அந்த அலையைப் பிடித்துக்கொண்டே ஏவுகணை வரும். விமானத்தை வீழ்த்திய செர்பிய ஏவுகணைப் பிரிவின் தலைவர் கர்னல் சோல்தான் டானி தன் ஆட்களை 20 வினாடிக்கு மேல் ரேடாரைப் போட்டுவைக்க விடாததும், ஓயாமல் இடம் மாற்றிக்கொண்டே இருந்ததும் அதனால்தான்.

மார்ச் 27 இரவு அமெரிக்கர்களும் கொஞ்சம் உதவினார்கள். போய்வந்த பாதையிலேயே மறுபடி வந்தார்கள். ரேடாரைக் குழப்பும் துணை விமானங்களும் கூட இல்லை. புஜானோவ்சி கிராமத்து வயலில் விழுந்தது விமானம். விமானி டேல் ஜெல்கோ குதித்துத் தப்பினார். டானி பிற்பாடு பேக்கரி வைத்தார். ஜெல்கோ அவரைத் தேடிப் போய்ப் பார்த்து, இருவரும் நண்பர்களாகிவிட்டார்கள் என்பது தனிக்கதை.

கேள்வி: 2025 ஜூனில் திருவனந்தபுரத்தில் இறங்கிய பிரிட்டிஷ் ஸ்டெல்த் விமானம் எஃப்-35பி-யை நம் விமானப்படை முன்பே கண்டுபிடித்துவிட்டதாமே. அப்படியானால் நம் ரேடார் ஜெயித்துவிட்டதா?
(இல்லத்தரசி, நாகர்கோவில்)

பதில்: ஆசைதான், அம்மா. எரிபொருள் குறைந்து அவசரமாக இறங்க இடம் கேட்கிற விமானம் ஒளிந்துகொண்டா வரும்? சண்டை இல்லாத நாட்களில் எஃப்-35-ன் உடம்பில் லூனபெர்க் லென்ஸ் என்று சின்னக் குமிழ்களைப் பொதுவாக மாட்டிவைப்பார்கள். எதிரொலியைப் பெரிதாக்கிக் காட்டுவதுதான் அவற்றின் வேலை. விமான நிலைய ரேடாருக்கு ஒழுங்காகத் தெரியும். உண்மையான எதிரொலி எவ்வளவு என்பதை வேடிக்கை பார்ப்பவர்கள் அளக்கவும் முடியாது.