ராஜா குதிரையா ஜெயிக்கும்?

கேள்வி: இங்கிலாந்தின் எப்சம் மைதானத்தில் நடக்கும் குதிரைப் பந்தயத்தை எப்சம் டெர்பி என்று தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்களே! ராஜா வீட்டுக் குதிரையும் பிரபு வீட்டுக் குதிரையும்தானே அங்கே ஜெயிக்கும்? இதற்குப் பெயர் பந்தயமா?

பதில்: பிரபு விஷயத்தில் உங்களோடு சண்டை போடமாட்டேன். காசில்லாதவன் ரேஸ் குதிரைக்குக் கொள்ளு வைக்க முடியாது. ராஜா விஷயத்தில்தான் கணக்கு இடிக்கிறது. அரியணையில் இருக்கும்போதே டெர்பியை ஜெயித்தவர் ஒரே ஒருவர்: 1909இல் ஏழாம் எட்வர்ட். அவருக்காக ஓடி ஜெயித்த மினோருவும் குத்தகைக்கு எடுத்த குதிரை!

எலிசபெத் ராணியைப் பாருங்கள். 1953 ஜூன் 2 முடிசூட்டு விழா. நாலே நாளில் டெர்பி. அவருடைய ஆரியோல் ஓடியது, இரண்டாவதாக வந்தது. முந்திப்போன பின்சாவின் மேல் உட்கார்ந்திருந்தவர் கோர்டன் ரிச்சர்ட்ஸ். முடிசூட்டு விழாவையொட்டி 'சர்' பட்டம் அறிவிக்கப்பட்டிருந்த ஜாக்கி அவர். 28வது முயற்சியில் அவருக்குக் கிடைத்த முதல் டெர்பி, அதுவே கடைசியும். ராணி 2022 வரை ஆண்டார். டெர்பி மட்டும் கைக்கு வரவில்லை. அதே மைதானத்தில் மூன்று வயதுப் பெண் குதிரைகள் மட்டும் ஓடும் ஓக்ஸை 1957இலும் 1977இலும் ஜெயித்தார்.

பெயர் கொடுத்த டெர்பி பிரபுவுக்கே 1780இல் நடந்த முதல் ஓட்டத்தில் பருப்பு வேகவில்லை. ஜெயித்தது அவருடைய நண்பர் பன்பரியின் டயோமெட். பிரபு 1787 வரை காத்திருந்தார். அடுத்து அந்தக் குடும்பத்துக்கு டெர்பி வந்தது 1924இல்.

மைதானமும் லேசுப்பட்டதல்ல. ஒன்றரை மைல் ஓட்டத்தில் முதல் பாதி மேடு. பிறகு இடது பக்கம் திரும்பிக்கொண்டே டாட்டனம் வளைவுக்குச் சரிவு. நேர்பாதைக்கு வந்தால் அதுவும் உள்வேலிப் பக்கம் சாய்ந்திருக்கும். களைத்த குதிரை தானாகவே அந்தப் பக்கம் ஒதுங்கும். அங்கே வம்சாவளி எடுபடாது, கால்தான் பேசும்.

தில்லுமுல்லு இல்லையா என்பீர்கள். உண்டு. 1844இல் மூன்று வயதுக் குதிரைகளுக்கான டெர்பியில் 'ரன்னிங் ரெய்ன்' என்ற பெயரில் நாலு வயதுக் குதிரையை ஓடவிட்டு முதலிடம் பிடித்தார்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. இது பந்தயக் குதிரையாயிற்றே! பல்லைப் பார்த்து வயதைத் தெரிந்துகொள்ளக் குதிரையைக் கொண்டுவரச் சொன்னார் நீதிபதி. வரவில்லை. வழக்கு படுத்தது, பரிசு இரண்டாவதாக வந்த ஆர்லண்டோவுக்குப் போனது.

அதன் சொந்தக்காரர் அப்போதைய பிரதமர் ராபர்ட் பீலின் தம்பி. இதை வேண்டுமானால் உங்கள் கட்சிக்குச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.