வானிலிருந்து குதிப்பவரும் அவ்வழியே போகும் விமானமும் மோதிக்கொள்ளாமல் எப்படித் தவிர்க்கிறார்கள்?

பாராசூட்டுடன் குதித்தவர்கள் விழுந்துகொண்டிருக்கும்போது வேறொரு விமானம் குறுக்கே வந்துவிடாதா, அதைத் தடுக்க என்ன ஏற்பாடு இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கலிஃபோர்னியாவில் சில ஆண்டுகள் ஸ்கைடைவிங் செய்துவிட்டு, பிறகு அங்கேயே சிறு விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டவன். இரண்டு இடத்திலிருந்தும் பார்த்ததை வைத்து, அமெரிக்க நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. வழக்கமாக 13,000 அடியை ஒட்டிய உயரத்திலிருந்து குதிப்போம். வயிறு கீழ்நோக்கி இருக்க விழுபவரின் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டரில் நிலைத்துவிடும். 4,000 அடியில் பாராசூட்டை விரிக்கும்வரை ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். நான்கு இருக்கைகள் கொண்ட செஸ்னா என்ற சிறு விமானம் பறக்கும் வேகமும் கிட்டத்தட்ட அதேதான் என்பதால், அந்த ஒரு நிமிடத்தில் அது மூன்று கிலோமீட்டரைக் கடந்துவிடும். ஆகவே, நான் கதவை விட்டு வெளியேறும் நொடியில் எனக்கு நேர் கீழே தெரியும் விமானம் நான் அந்த உயரத்துக்கு வருவதற்குள் போய்விட்டிருக்கும். இரண்டரை, மூன்று கிலோமீட்டர் தள்ளி என்னை நோக்கி வந்துகொண்டிருக்கும் விமானத்துக்குத்தான் நான் பயப்பட வேண்டும்.

விமானிகளுக்குப் பழகிப்போன உயர இடைவெளி என்ற பாதுகாப்பு இங்கே உதவுவதில்லை. இரண்டு விமானங்களுக்கு நடுவே சில ஆயிரம் அடி இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் குதித்தவர் எல்லா உயரங்களையும் ஒரே நிமிடத்தில் ஊடுருவி வருகிறார். குதிக்கும் இடத்தைத் தரையிலிருந்து 13,000 அடிவரை எழுந்து நிற்கும் ஒரு தூணாக மனத்தில் வைத்துக்கொள்வதே சரி. மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் அந்தத் தூண் சாய்ந்தும் நிற்கும், ஏனென்றால் காற்று தள்ளிக்கொண்டு போகும் தொலைவை ஈடுகட்ட, ஓடுபாதையிலிருந்து ஒரு மைலுக்கும் மேல் காற்று வரும் திசையில் தள்ளிப்போய்த்தான் குதிப்பார்கள். ஓடுபாதைக்கு மேலே போகாமல் ஒதுங்கிவிட்டேன் என்று நினைக்கும் பைலட் சரியாக ஆட்கள் விழும் இடத்துக்குக் கீழேயே போய்க்கொண்டிருக்கலாம்.

பயிற்சிக் காலத்தில் நானே இந்தத் தவற்றைச் செய்யப்போனேன். நான் வரைபடத்தில் போட்டிருந்த கோடு, ஆட்கள் குதிக்கும் இடம் என்பதைக் காட்டும் பாராசூட் குறி அச்சிடப்பட்டிருந்த ஒரு சிறு விமான நிலையத்துக்கு நேர் மேலே சென்றது. மடியில் இருந்த டேப்லெட்டின் திரையில் ஒரே ஒரு விமானம் தெரிந்தது. அதுவும் எனக்கு ஒன்பதாயிரம் அடி மேலே. அதைப் பற்றிக் கவலையில்லை என்று நான் போய்க்கொண்டே இருந்தபோது, பயிற்சியாளர் அந்த நிலையத்தின் ரேடியோ அலைவரிசைக்கு மாற்றச் சொன்னார். மாற்றியவுடன் கேட்ட முதல் குரல், இன்னும் இரண்டு நிமிடத்தில் ஆட்கள் குதிக்கப்போகிறார்கள் என்று அறிவித்தது. பயிற்சியாளர் என்னைத் திட்டவில்லை; விமானத்தைத் தாமே திருப்பிவிட்டு, திரையில் இருந்த அந்தப் புள்ளியைச் சுட்டி, "அதுக்குள்ள எத்தனை பேர் இருக்காங்கன்னு இது சொல்லுதா?" என்ற பொருளில் ஒரு கேள்வி மட்டும் கேட்டார். விமானம் தான் இருக்கும் இடத்தை ரேடியோவில் தெரிவிக்கும் கருவியான டிரான்ஸ்பாண்டரை யாரும் இடுப்பில் கட்டிக்கொண்டு குதிப்பதில்லை. அதனால் இதுபோன்ற திரைகளில் குதிப்பவர் தெரியமாட்டார். பெரிய விமானங்களில் இருக்கும் மோதல் தவிர்ப்புக் கருவியும் அவரைப் பற்றி எச்சரிக்காது.

அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளில் 105ஆம் பகுதி பாராசூட்டுக்கென்றே இருக்கிறது. குதிக்கப்போவதைக் குறைந்தது ஒரு மணி நேரத்துக்கு முன்பே விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். குதிப்பதற்கு ஐந்து நிமிடமாவது முன்னதாகப் பைலட் ரேடியோவில் அவர்களைத் தொடர்புகொண்டு, அருகே தெரிந்த விமானங்கள் உண்டா என்று கேட்டறிய வேண்டும். மேகத்துக்குள்ளோ மேகத்தைத் துளைத்துக்கொண்டோ குதிக்கக் கூடாது. இந்த விதியை மீறினால் பைலட், குதித்தவர் இருவருமே பொறுப்பு. பலர் நினைப்பதுபோல் கட்டுப்பாட்டு நிலையம் அந்த வானத்தைக் காலி செய்து தருவதில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள விமான நிலையங்களைச் சுற்றியுள்ள பகுதி போன்ற இடங்களில்தான் அவர்களின் முன் அனுமதி தேவை. நாட்டுப்புறங்களில் அவர்கள் தருவது தகவல் மட்டுமே. அங்கே கண்ணால் பார்த்துப் பறக்கும் சிறு விமானம் யாருடனும் பேச வேண்டிய கட்டாயமே இல்லை.

அதனால் கடைசிக் காவல் கதவருகே நிற்பவரின் கண்தான். முதலில் குதிப்பவர் கதவைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, நேர் கீழேயும் பிறகு நாலாபுறமும் பார்ப்பார். ஒரு கோடை மதியம் அந்த இடத்தில் நான் இருந்தேன். உழுத வயலின் செம்மண் நிறத்தின் மேல் ஒரு வெள்ளைக் கூட்டல் குறி மெல்ல ஊர்ந்து வந்தது. தலையை உள்ளே இழுத்துக் கையை ஆட்டினேன். பைலட் இன்னொரு சுற்று போனார். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்புக்கு அஞ்சியே சரியாகப் பார்க்காமல் குதித்துவிடுபவர்களும் உண்டு என்பது என் எண்ணம்.

இதெல்லாம் வெறும் கற்பனை அச்சம் அல்ல. 1993 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்தாம்ப்டனில் குதித்த ஒருவர், கீழே போய்க்கொண்டிருந்த சிறு பைப்பர் விமானத்தின் வாலில் மோதினார். விமானத்தில் இருந்த நால்வரும் இறந்தார்கள். குதித்தவர் காயத்துடன் பிழைத்தார். 2014 மார்ச்சில் ஃபுளோரிடாவின் மல்பெரி அருகே நடந்தது வேறு வகை: தரையைத் தொட்டுத் தொட்டு எழும்பிப் பழகிக்கொண்டிருந்த ஒரு செஸ்னாவின் இறக்கை, இறங்கிக்கொண்டிருந்தவரின் பாராசூட் கயிறுகளில் மாட்டிக்கொண்டது. இருவரும் உயிர் தப்பினார்கள். ஓடுபாதைக்குக் குறுக்கே தாழ்வாகப் பாராசூட்டில் வரக் கூடாது என்று பல இடங்களில் கண்டிப்பாகச் சொல்வது இதற்காகத்தான்.

தன்னை ஏற்றிவந்த விமானமே எமனாகலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கைகளுக்கும் கால்களுக்கும் இடையே இறக்கைபோல் துணி விரியும் விங்சூட் என்ற உடையை அணிந்தவர் நேராக விழாமல் முன்னோக்கிச் சறுக்கிப் பறப்பார், மெதுவாகவே இறங்குவார். ஆட்களை இறக்கிவிட்ட பைலட்டோ அடுத்த ஏற்றத்துக்காக மூக்கைக் கவிழ்த்து விரைந்து இறங்குவார். 2018 ஜூலையில் பிரான்ஸில் அப்படித்தான் ஒருவர், தான் குதித்த விமானத்தின் இறக்கை பட்டு இறந்தார். விங்சூட் அணிந்தவர் எந்தப் பக்கம் பறப்பார், விமானம் எந்தப் பக்கம் இறங்கும் என்பதைத் தரையிலேயே பேசி முடித்துவிட வேண்டும்.

இப்போது நான் விமானம் ஓட்டும்போது, பாராசூட் குறி உள்ள நிலையத்துக்குப் பத்து மைல் முன்பே அதன் அலைவரிசையைக் கேட்கத் தொடங்கிவிடுவேன். அதைத் தாண்டிப் போவதானால், காற்று வீசிச் செல்லும் பக்கமாகச் சில மைல் ஒதுங்கிப் போவேன். அங்கேயே இறங்குவதானால் ஓடுபாதையின் நடுவுக்கு மேலே குறுக்காகக் கடக்கமாட்டேன். குதிப்பவர்களை ஏற்றிச் சென்ற பைலட்டிடம், கடைசி ஆள் தரைக்கு வர இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டு, அதுவரை தொலைவிலேயே சுற்றிக்கொண்டிருப்பேன்.